அழுத்தறதுக்கு முந்தி எடுத்த படம்

அந்தக் கீய அழுத்தாதீங்க தம்பி. அழுத்துனீங்கன்னா அந்த மெனு மூடிக்கும். பாத்தீங்களா? மூடிருச்சுங்களா? நாந்தான் சொன்னனுங்களே.

தப்பா நெனச்சுக்காதீங்க. எட்டிப் பாக்கோணும்னு பாக்குலீங்க. பக்கத்து சீட்டுல லேப்டாப்ப விரிச்சு வெச்சா கண்ணு தானாப் போகுதுங்க. காங்கேயத்துல இருந்து நீங்களும் அந்த மெனுவப் படம் புடிச்சு மேனேஜருக்கு அனுப்பலாம்னு பாக்கறீங்க, அதும் உங்களுக்குப் போக்குக் காட்டிட்டே இருக்குது. மேனேஜருக்குத்தானுங்களே? மேல பேரு போட்டிருந்துச்சு, அதான் கேட்டேன்.

இது என்ற தொழிலுங்க. ஸ்கிரீன்ஷாட்டு. கம்ப்யூட்டர்ல தெரியறத அப்படியே படம் புடிச்சுக் குடுக்கறது. என்ற பேரு பூபதிங்க, ஊரு திருப்பூரு. ‘இமை’ன்னு ஒரு சாஃப்ட்வேரு, நா தனியாளா எழுதுனது. கேள்விப்பட்டதில்லீங்களா? சரி விடுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீசுகளுக்குள்ள போயிக் கேட்டுப் பாருங்க, என்ற பேரு தெரியாட்டியும் இமையத் தெரியும்.

எங்கீங்க போறீங்க? திருச்சிங்களா? நாங்களும் திருச்சி போயி, அங்கிருந்து புதுக்கோட்டைக்கு வேற பஸ்ஸு மாறோணும். நாங்கன்னா, அதா, டிரைவருக்குப் பின் சீட்டுல மடியில பையக் கட்டிப் புடிச்சுட்டு தூங்கறாரு பாருங்க, அவரும் நானும். சென்னியப்பண்ணன். சன்னல் சீட்டு வேணும்னு முன்னால போயிட்டாரு. பைய மேல வெச்சுருங்கண்ணான்னா கேக்கமாட்டீங்கறாரு. பஸ் ஏறுனதுல இருந்து அந்தப் பைய மடிய விட்டு எறக்கவே இல்லீங்க. பாவம், மனசு ஒடைஞ்ச மனுசன். அவரு சம்சாரம் பிரபாவதி இருக்குதே, அந்தப் புள்ளதானுங்க இமைய இமையாக்குனது. இல்லீன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிரும்.

ஆரம்பத்துல இமை ஒரு சோம்பேறிங்க. கீய அழுத்துனா ஒடனே வராது. எந்திரிச்சு, பல்லு வெளக்கி, காபி குடிச்சுட்டு, அப்பறமா வந்து ‘என்னங்க, கூப்புட்டீங்களா’ன்னு கேக்கும். தப்பு என்ற மேலதான். அது முழிக்கறப்பவே பழைய படங்க, கலரு, எழுத்து, அம்புக்குறின்னு அத்தனையும் தலமேல தூக்கி வெச்சுட்டு வரோணும்னு எழுதி வெச்சிருந்தேன். அது எனக்கே தெரீலீங்க. என்ற மிசின் புதுசு, அதுல பறக்கும். கம்பெனி ஆபீசுல இருக்கற பழைய மிசின்ல தவழும்.

அப்பத்தான் பிரபாவதி எழுதுனா. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில பில்லிங் போட்டுட்டு இருந்தா. இமையில ஒரு பட்டன் வெச்சிருக்கறேன், கொறை இருந்தா அதுலயே எழுதி அனுப்பலாம். ஆருமே எழுத மாட்டாங்க. எழுதுனாலும் ‘வேலை செய்யல’ன்னு ஒத்த வார்த்தை எழுதுவாங்க. அதப் படிச்சுட்டு நா என்ன செய்யறது, சொல்லுங்க? இந்தப் பொண்ணு எழுதுனா பாருங்க: “அண்ணா, பில்லு சேவ் பண்றப்ப ஒரு எர்ரர் வருது. அதப் படம் புடிக்கலாம்னு கீய அழுத்துனேன். உங்க இமை தொறக்கறதுக்குள்ள எர்ரர் வந்து, என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிருச்சு. கடைசீல என்ற காலி ஸ்கிரீனத்தான் படம் புடிச்சுக் குடுத்துச்சு.” எப்படீங்க? என்ன பண்ணுனா, என்ன நடக்கோணும்னு நெனச்சா, என்ன நடந்துச்சு, மூணும் அதுல இருக்குதுங்க. இதுக்குன்னே படிச்சவங்களுக்கு வராது அந்த எழுத்து.

சரின்னு ஒக்காந்து பிரிச்சு மேஞ்சனுங்க. கம்ப்யூட்டரப் போட்டதும் இமையும் முழிச்சுக்கோணும், ஆனா ஒண்ணையும் தூக்கக்கூடாது. சத்தமில்லாம ஒரு ஓரமா உக்காந்துக்கோணும். கூப்புட்டா வந்து நிக்கோணும். மத்ததெல்லாம் கேட்டா மட்டும் எடுத்துக்கோ, போன்னு எழுதுனேன். அவ்வளவுதானுங்க, கீயில வெரல் படறதுக்கும் இமை வர்றதுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. பிரபாவதி எழுதுனா, “அண்ணா, இப்ப எனக்கு முந்தி அது வந்து நிக்குது.” அத பிரிண்ட் எடுத்து என்ற கம்ப்யூட்டர் கடையில ஒட்டி வெச்சிருக்கறேன்.

அப்பறம் இந்த மெனு வெவகாரம். உங்களுக்கு இப்ப வந்துச்சே, அதே. இமை முன்னால வந்து நின்னா மெனு மூடிக்கும். ஸ்கிரீன மொதல்ல அப்படியே ஒறைய வெச்சுரு, அப்பறம் நீ முன்னால வான்னு மாத்துனேன். ரெண்டு மானிட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு பக்கத்து மானிட்டரப் படம் புடிச்சுட்டு இருந்துச்சு, அதையும் சரி பண்ணுனேன். எல்லாம் அந்தப் புள்ள சொல்லித்தான்.

அவ இடதுகைக்காரிங்க. ஆபீசுல மவுஸ வலது பக்கந்தான் கட்டிப் போட்டிருந்தாங்க, அதனால வலது கை மவுசுல, இடது கை சும்மா. “எனக்கு இடது பக்கமா ஒரு கீ வெச்சுக் குடுங்கண்ணா”ன்னு கேட்டா. அவளுக்குன்னே கீபோர்டோட இடது மூலையில மூணு கீயச் சேத்து ஒரு கூட்டு வெச்சுக் குடுத்தேன். சுண்டு வெரல ஒரு மாதிரி மடக்கோணும். வேற ஆருக்கும் அது வராது, நா அழுத்துனாலே வெரல் சுளுக்கிக்கும். அவளுக்கு மட்டும் என்னமோ வீணை வாசிக்கறாப்புல வரும்.

நடுவுல ஒரு தடவை கழுத்தறுத்தா பாருங்க. “அண்ணா, கொஞ்ச நாளைக்கு அந்தக் கீய வலது பக்கமா மாத்திக் குடுங்க.” எதுக்கு? இடது கையில கட்டுப் போட்டிருக்குதாம். பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாளாம். மாத்திக் குடுத்தேன். அப்பறம் கட்டுப் பிரிச்சாச்சு, பழையபடி மாத்துங்கன்னா. மாத்துனேன். அடுத்த மழைக்காலத்துல மறுபடியும் வலது பக்கம் வேணுமுன்னா. ஏம்மா, உங்க வூட்டு பாத்ரூம்ல கல்லப் பேத்துப் போட்டு சொரசொரப்பா வேற கல்லு போடச் சொல்லுமான்னு எழுதுனேன். சென்னியப்பண்ணன்கிட்டயும் நேர்ல சொன்னனுங்க. “ஆமா பூபதி, போடோணும்”னு சிரிச்சுட்டே சொன்னாரு. தங்கமான மனுசன். எங்க கடைக்கு வந்தா டீ வாங்காம வர மாட்டாரு. ஆனா சோம்பேறி. கடைசி வரைக்கும் அந்தக் கல்ல மாத்தவே இல்ல பாருங்க.

வெள்ளகோயில் தாண்டிருச்சுங்களா? கடலை சாப்பிடுங்க. சாப்பிடுங்க தம்பி, சும்மா எடுத்துக்கங்க.

எங்க வுட்டேன்? ஆங். அவ கேட்டதுலயே பெரிய கேள்வி ஒண்ணு இருக்குது. “அண்ணா, சில எர்ரர் கண்ணு சிமிட்டறதுக்குள்ள போயிருது. நா அழுத்தறதுக்கு முந்தியே அது இல்ல. இமையே எவ்வளவு வேகமா வந்தாலும், நா லேட்டு. என்ன பண்றது?”

எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சுங்க. யோசிச்சுப் பாருங்க. அழுத்துனதுக்கு அப்பறம் எடுக்கறது எல்லாரும் செய்யறது. அழுத்தறதுக்கு முந்தி எடுக்கோணும்! அதுக்கு ஒரே வழிதான். இமை எந்நேரமும் எடுத்துட்டே இருக்கோணும். எடுக்கறது, தூக்கிப் போடறது, எடுக்கறது, தூக்கிப் போடறது. நீங்க கீய அழுத்துன ஒடனே, தூக்கிப் போடாம கையில வெச்சிருக்கற பழைய படத்தக் காட்டிரும். மெமரி திங்காம, மிசின் சூடாகாம இதச் செஞ்சிருக்கறேன் தம்பி. இதுக்கு ஆரும் மாலை போடல. பொண்டாட்டிகூட “அது எப்பவுமே பாத்துட்டு இருக்குமா?”ன்னு மொகத்தச் சுளிச்சா. படிக்காதவளாட்டம் பேசாத சுகந்தின்னேன்.

எடுத்த படம் சரியான படந்தானான்னு சோதிக்கோணுமில்லீங்க? அதனால அப்பப்ப ஒண்ணு என்ற மிசினுக்கு வர்றாப்புல வெச்சேன். காலைல இமை முழிச்சதும் ‘நா முழிச்சுட்டேன், இவ்வளவு வேகத்துல முழிச்சேன், இன்ன கீயி, இன்ன செட்டிங்கு’ன்னு ஒரு தகவலும் வந்துரும். டெஸ்டிங்குக்குத்தான். அப்பறமா அத எடுத்துரலாம்னுதான் வெச்சேன். எடுத்துட்டா வேகத்த எத வெச்சுங்க அளக்கறது? இன்ஸ்டால் பண்றப்ப நீளமா ஒண்ணு வருமில்லீங்க, அதுல ஒரு ஓரத்துல எழுதியும் போட்டிருக்கறேன். நீங்க அதப் படிப்பீங்களா? படிக்க மாட்டீங்க. அதுக்கு நானுங்களா பொறுப்பு?

நா அடுத்தவங்க வூட்டு வெவகாரத்துல மூக்க நொழைக்கற ஆள் இல்லீங்க. படம் தெளிவா இருக்குதான்னு மட்டுந்தான் பாப்பேன். ஆனா தெளிவா இருந்தா என்ன எழுதியிருக்குதுன்னு தெரியத்தானுங்களே செய்யும்? ஒரு நா பிரபாவதி ஸ்கிரீன்ல ஒரு கடுதாசி. அவ அக்காளுக்கு எழுதறா. “அக்கா, கை கூடிருச்சு. ஆனா அடுத்த தடவை கையோட நிக்காதுன்னு சொல்லிட்டாரு. பாப்பாவக் கூட்டிட்டு வந்தர்றேன். அவருக்குத் தெரிஞ்சா நா இல்ல.” அடுத்து வந்த படத்துல அது இல்ல. அழிச்சுட்டு, “அக்கா, நல்லா இருக்கறோம். தீவாளி நோம்பிக்கு வர முடியாது”ன்னு எழுதியிருக்கறா. அழிச்சுட்டா அது இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? கோபத்துல நூறு எழுதுவாங்க, அழிப்பாங்க. அதையெல்லாம் நாம பெருசா எடுத்துக்கக்கூடாது. நானும் எடுத்துக்கல. அண்ணன்கிட்ட மூச்சு வுடல.

ஆனா அவ சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாளுங்க. பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டியாந்தவ, வூட்டுக்கு வரவே இல்ல. அக்கா வூட்டுக்கும் போகல. போனு எடுக்கல. அண்ணன் என்ற கடைக்கு வந்து, அங்க கெடக்கற ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு பாருங்க. “ஒரே ஒரு தடவை அவ மொகத்தப் பாக்கோணும் பூபதி. அப்பறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவளுக்கும் ஒண்ணும் வேண்டாம்”னாரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

எனக்கும் வருத்தந்தானுங்க. நா என்ன கெடுதல் பண்ணுனேன் அவளுக்கு? கேட்டதெல்லாம் செஞ்சு குடுத்தேன். ஒரு வார்த்தை, ‘போறேண்ணா’ன்னு ஒரு வார்த்தை எழுதீட்டுப் போயிருக்கலாம். எத்தன அப்டேட்டு போட்டேன், பாராட்ட ஆளில்ல, கொறை சொல்லவும் ஆளில்ல. கடையே வெறிச்சுனு ஆயிருச்சு.

அப்பத்தானுங்க ஒரு நா காலைல, என்ற மிசின்ல ஒரு புது இமை முழிக்குது. புதுக்கோட்டையில இருந்து. புதுக்கோட்டையில எனக்கு ஆருங்க இருக்கறாங்கன்னு பாக்கறேன். பேரு வேற என்னமோ போட்டிருக்குது. ஆனா கீயி? இடது மூலை. அதே மூணு கீ. சுண்டு வெரல மடக்கோணுமே, அது! அந்தக் கூட்டு உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தானுங்க நா வெச்சுக் குடுத்தது. புது வேலைக்குப் போன எடத்துலயும் நம்ம இமையத்தான் போட்டிருக்கறா! பேர மாத்திக்கிட்டா, போன மாத்திக்கிட்டா, கை பழக்கத்த மாத்த முடியல பாருங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுங்களா? ஓடிப் போயி அண்ணன்கிட்ட சொன்னேன்.

அவரு என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. கை சில்லுனு இருந்துச்சு.

டைல்ஸ் கடைங்க. அவ பில்லு போடறதுல கடை பேரு, தெரு எல்லாம் வந்துருது. அண்ணன் தெனமும் வந்து உக்காந்துக்குவாரு, படம் வந்துச்சா பூபதி, வந்துச்சா பூபதின்னு. அதுல இருந்து நாங்களே கண்டுபுடிச்சோம், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க, அவ மட்டும் தனியா கம்ப்யூட்டர்ல உக்காந்திருப்பா. “அந்த நேரம் பாத்துப் போலாம், நாலு பேரு முன்னால வேண்டாம், அவளுக்குக் கூச்சமா இருக்கும்”னு அண்ணன் சொன்னாரு. எவ்வளவு தூரம் யோசிக்கறாரு பாருங்க, பொண்டாட்டி மானத்துக்கு.

சுகந்திதான் காலைல ஏழரையக் கூட்டிட்டா. இட்லி வெக்கறப்பவே, “அந்தப் பொண்ணு கை ரெண்டு தடவை ஒடைஞ்சுதுன்னு உங்குளுக்குத் தெரியுமில்ல? வெயில்லயும் முழுக்கை ஜாக்கெட்டுப் போட்டுட்டு நம்ம கடைக்கு வந்தாளே, அதாவது தெரியுமில்ல?”ங்கறா. ஆபீசுல ஏசி, குளிரும், அதுக்குப் போட்டிருப்பான்னேன். தட்டத் தூக்கி சிங்க்குல போட்டுட்டுப் போயிட்டா. நீங்க எல்லாம் என்ன மனுசங்கன்னு வாசல்ல நின்னு கத்தறா, அக்கம்பக்கம் பாக்குது. கல்யாணம் ஆயிருச்சுங்களா தம்பி உங்குளுக்கு? ஆகும், ஆகும். அப்பத் தெரியும்.

ஒரு குடும்பத்தச் சேத்து வெக்கப் போறேன், நா என்ன கொள்ளையா அடிக்கப் போறேன்? கடையக் காட்டிட்டா நீ கெளம்பிரு பூபதி, ஊருக்குத் திரும்பறதுக்கு எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு அண்ணன் சொல்லிட்டாரு. போனக்கூட வூட்லயே வெச்சுட்டு வந்துட்டாரு, தொந்தரவு வேண்டாம்னு. பாப்பாவுக்கு எதாச்சும் பொம்மை வாங்கலாமுங்களான்னு பஸ் ஸ்டேண்டுல கேட்டேன். பையில எடம் இல்லைன்னுட்டாரு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? கடலை காரமா இருக்குதுங்களா? தண்ணி வேணுமுங்களா?

அட, இருங்க, என்ற போன் அடிக்குது. இமைதானுங்க. புதுக்கோட்டையில கடை தொறந்துட்டாங்களாட்டம் இருக்குது. ஆகா! ரிப்போர்ட் அனுப்பியிருக்கறா தம்பி! எத்தன நாளாச்சு! பேரு போடல. பேரு எதுக்குங்க, எழுத்து தெரியாதா எனக்கு? கேளுங்க, படிக்கறேன்: “நான் எந்தக் கீயும் அழுத்தல. ஆனா படம் எடுக்கறப்ப வர்ற மாதிரி ஓரத்துல ஒரு மினுக்கு வந்துச்சு. நான் அழுத்தினாத்தான எடுக்கணும்? அழுத்தாம எடுத்த படம் எங்க போகுது? யார் பாக்கறாங்க?”

பாத்தீங்களா கேள்விய? இத்தன வருசத்துல ஒருத்தன் கேட்டதில்லீங்க இத! என்ன பண்ணுனா, என்ன நெனச்சா, என்ன நடந்துச்சு, எல்லாம் இருக்குது. அந்த மினுக்கு வரக்கூடாதுதான். அது என்ற தப்பு. அடுத்த அப்டேட்டுல எடுத்துருவேன், மினுக்காமயே எடுக்கும். பதில் போட வெரல் துடிக்குதுங்க. ஆனா அண்ணன் ஒரு வார்த்தை எழுதக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சரி, இன்னிக்கு நேர்லயே பாத்து சொல்லிக்கலாம்.

கூடவே ஒரு படமும் வந்திருக்குது. ஆருக்கோ பில்லு போட்டுட்டு இருந்திருக்கறா. எவ்வளவு தெளிவா இருக்குது பாருங்க, கடை பேரு, தெரு, போன் நம்பரு, ஒரு எழுத்து மங்கலா இருக்குதுங்களா? கையில வாங்கிப் பாருங்க, புடிங்க. இதத்தான் நா வேகம்னு சொல்றது. அவ கண்ணு அந்த மினுக்கப் பாக்கறதுக்குள்ள படம் இங்க வந்தாச்சு.

கரூர் வந்துருச்சுங்க. டீக்கு நிறுத்துவான். அண்ணனும் முழிச்சுட்டாரு, இங்கதான் பாக்கறாரு. அண்ணா! ஒண்ணுமில்லீங்ணா, தம்பிகிட்ட சும்மா பேசிட்டிருக்கறேன்!

ஏனுங்க தம்பி, லேப்டாப்ப ஏன் மூடறீங்க? உங்குளுக்கு இமைய இன்ஸ்டால் பண்ணிக் குடுக்கலாம்னு பாத்தனுங்களே. ஒரு நொடி வேலைங்க. அட, என்னத்துக்குங்க எந்திரிக்கறீங்க, திருச்சிக்குத்தானுங்களே டிக்கெட்டு எடுத்தீங்க? இருங்க, இருங்க. என்ற போன என்னத்துக்கு உங்க போன்ல போட்டோ புடிக்கறீங்க? குடுங்க இங்க. ஆருக்குங்க அடிக்கறீங்க? அந்த நம்பரு கடை நம்பருங்க தம்பி. அதுக்கு அடிச்சா பிரபாவதிதான் எடுப்பா, காலைல கடையில அவதான்…

தம்பி! எறங்காதீங்க, நில்லுங்க! அண்ணா, அவரப் புடிங்ணா! ஏனுங்க, ஒருத்தரக் கேக்காமக் கொள்ளாம இப்படிப் படம் எடுக்கறது உங்குளுக்கே நல்லாருக்குதுங்களா?